மயிரிழை விளிம்பு

ஆம்பூர்
1932 மார்ச் 16

மரியாதைக்குரிய போதகர் ஐயா அவர்களுக்கு,

மவுத்பீஸ் வாங்குவதும் செருப்பு வாங்குவதும் ஏறக்குறைய ஒரே காரியம்தான். அடுத்தவன் காலுக்குப் பொருந்தியது நம் காலைக் கடிக்கும். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று எடுத்தால் பத்து நாளில் கொப்புளம் போடும். கடையில் நாலு அடி நடந்து பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடுவோம். உண்மை தெரிய ஒரு மாசம் பிடிக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நீங்கள் என்னை நிறுத்தி, காலஞ்சென்ற ஐசக்கின் நினைவாகச் சபை பேண்டுக்கு நாலு புது மவுத்பீஸ் மெட்ராஸிலிருந்து வரவழைக்கப் போவதாகவும், எந்த மாதிரி வாங்கலாம் என்று எழுதித் தரும்படியும் கேட்டீர்கள். “ஐசக்கோட வாசிப்பப் பத்தி ஒங்களுக்குத் தெரிஞ்ச அளவு வேற யாருக்குத் தெரியும், ஆசீர்வாதம்? தெரிஞ்சத எல்லாம் எழுதுங்க” என்றும் சொன்னீர்கள். நான் ஒரு பிட்டர். சொன்ன வேலையைச் சொன்ன அளவில் செய்து பழகியவன். எல்லாம் எழுதச் சொன்னதால் எல்லாம் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மவுத்பீஸைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். டிரம்பெட்டில் நம் வாய் படுகிற இடம் அது ஒன்றுதான். சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கும். அதன் விளிம்பை உதட்டில் பொருத்தி, உதட்டை அதிரவிட்டு ஊதுகிறோம். கிண்ணம் ஆழமாக இருந்தால் நாதம் கனமாக உருண்டு வரும், ஆனால் மேல் ஸ்வரங்களுக்கு உதடு அதிகம் உழைக்க வேண்டும். ஆழம் குறைந்தால் மேலே சுலபமாக ஏறலாம், பளிச்சென்று கேட்கும், ஆனால் நாதம் மெலிந்துபோகும். விளிம்பு அகலமாக இருந்தால் உதட்டுக்குச் சுகம், நெடுநேரம் தாங்கும். விளிம்பு குறுகி உள்ளோரம் கூராக இருந்தால் உதட்டை இறுகப் பிடிக்கும், ஒலி சுத்தமாக வெட்டி விழும், ஆனால் அழுத்தி ஊதினால் சதையை அறுக்கும்.

உதடு என்பது சதைதான். தினமும் ஊத ஊத வாயின் இரண்டு ஓரங்களிலும் பலம் ஏறும். ஒரு வருஷத்தில் அந்த ஒரு மவுத்பீஸுக்கு ஏற்றபடி உதடு தன்னை அமைத்துக்கொள்ளும். நடுவில் மாற்றினால் கட்டியதெல்லாம் கலைந்துவிடும். ஆகவே புதியவர்களுக்கு நடுத்தர ஆழமும் நடுத்தர விளிம்பும் உள்ளதாக வாங்கிக் கொடுங்கள். கொடுத்த பிறகு அதில் யாரும் கை வைக்கக்கூடாது. இதுதான் என் சிபாரிசு. நீங்கள் கேட்ட விஷயம் இத்துடன் முடிந்துவிட்டது. மீதி, எல்லாம் எழுதுங்கள் என்றீர்களே, அதற்காக.

நீங்கள் ஆம்பூருக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. ஐசக்கை நீங்கள் பார்த்ததில்லை. மக்பூல் அகமது சாயபுவின் தோல் ஷாப்பில் அவன் பதனிட்ட தோலைத் தரம் பிரிப்பவன். கையால் ஒருமுறை தடவிவிட்டு முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று சொல்லிவிடுவான், தப்பாது. அதே ஷாப்பில் நான் பம்பு எஞ்சினையும் தோல் சுரண்டும் கத்திகளையும் பார்த்துக்கொள்பவன். ஒரு கடைசல் இயந்திரம் என் பொறுப்பில் இருக்கிறது. என்னைவிட அவன் நாலு வயசு இளையவன். என்னை அண்ணா என்பான். அவன் மனைவி ஜெயசீலியும் அப்படித்தான் கூப்பிடும்.

சபை பேண்டில் நான்தான் முதல் டிரம்பெட். ஐசக் சேர்ந்த இரண்டாம் வருஷம் நானே எழுந்து அந்த இடத்தை அவனுக்குக் கொடுத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே எழுந்துவிட்டேன் என்பதுதான் சரி.

நம் சபையில் ஈஸ்டர் அதிகாலை கல்லறைத் தோட்டத்தில் நடக்கும் ஆராதனை உங்களுக்குத் தெரியும். கிழக்கு மலைமேல் வெளுக்கும்போது முதல் டிரம்பெட் மட்டும் தனியாக ஒரு சரணம் ஊத வேண்டும். அது முடிந்த பிறகுதான் மற்ற வாத்தியங்கள், அதன் பிறகுதான் ஜனங்கள். அந்த வருஷம் மண்ணுக்குப் போனவர்களின் வீட்டார் கல்லறைகள் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருப்பார்கள். ஐசக் ஊத ஆரம்பித்தால் அழுகை நின்றுவிடும். அவர்கள் முகத்தை நிமிர்த்திக் கிழக்கே பார்ப்பார்கள். அவனுக்கு முன்னால் ஆறு வருஷம் நான் ஊதினேன். நான் ஊதும்போது அவர்கள் அழுதுகொண்டேதான் இருந்தார்கள்.

இதற்குக் காரணம் மவுத்பீஸ் என்று நான் நம்பினேன். ஐசக்குடையது வேலூர் கோட்டைக்கு எதிரில் பழைய சாமான் விற்கும் ஹபீப் என்பவரிடம் அவன் பொறுக்கி எடுத்தது. எந்தக் காலத்திலோ ஒரு பட்டாளத்து பேண்டுக்காரன் விட்டுப்போனது. ஆழமான கிண்ணம், நல்ல உருண்டை விளிம்பு. என்னுடையது ஆழம் குறைந்தது. அதனால் அவன் நாதம் கனம், என் நாதம் மெலிவு. கணக்கு நேராக இருந்தது. பதினைந்து வருஷம் அந்தக் கணக்கோடு நிம்மதியாக இருந்தேன். “ஒனக்கு வாச்ச மவுத்பீஸ் அப்படிடா” என்று சொல்வேன். “இருக்கும்ணா” என்று சிரிப்பான். ஒருநாளாவது அதை வாங்கி ஊதிப் பார்த்தாயா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அடுத்தவர் வாய் வைத்ததை நான் வாயில் வைப்பதில்லை.

1929 ஜனவரியில் எங்கள் ஷாப்பில் ஒரு சாவு நடந்தது. ஊறவைக்கும் தொட்டியில் வேலை செய்த அப்துல் சமத் முழங்கையில் ஒரு சின்னப் பரு வந்து, அது நடுவில் கரிக்கட்டி மாதிரி கறுத்து, கை வீங்கி, ஒரே வாரத்தில் போய்விட்டார். அடைப்பான் கண்டு செத்த மாடுகளின் தோல் ஒன்பது அந்தத் தொட்டியில் வந்து சேர்ந்திருந்தது. மாட்டுக்கு வருகிற அந்த நோய் தோலில் ஒட்டிக்கொண்டு மனுஷனுக்கும் வரும் என்பது தோல் ஷாப்பில் எல்லாருக்கும் தெரியும். மக்பூல் அகமது சாயபு நல்ல மனுஷர். ஒன்பது தோலையும் சுண்ணாம்பு கொட்டிப் புதைக்கச் சொன்னார், தொட்டியைக் காலிசெய்து தேய்க்கச் சொன்னார். பொறுப்பை என்னிடம் விட்டார். நான் நின்று எல்லாவற்றையும் செய்து முடித்தேன். தொட்டியின் அடியிலிருந்து ஒரு மருந்து பாட்டில் அளவு தண்ணீரை மட்டும் எடுத்து, தக்கை வைத்து அடைத்து, என் பட்டறை மேஜையின் இழுப்பறையில் வைத்தேன். எதற்கு என்று அப்போது நான் யோசிக்கவில்லை. பிட்டர் வேலை செய்பவன் எதையும் தூக்கிப் போட மாட்டான். தேய்ந்த திருகு, அறுந்த பெல்ட், எல்லாம் என் இழுப்பறையில் உண்டு.

அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் மெட்ராஸிலிருந்து ஐசக்குக்கு ஒரு கடிதம் வந்தது. இந்தத் தேதிகளை நீங்களும் கவனித்திருப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். பாட்டில் முன்னால், கடிதம் பின்னால். நானும் பலமுறை எண்ணிப் பார்த்துவிட்டேன், அப்படித்தான் வருகிறது.

வாணியம்பாடியில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் ஐசக் ஊதியதைக் கேட்ட ஒருவர், மெட்ராஸில் பயாஸ்கோப் கொட்டகையில் படத்துக்குப் பக்கவாத்தியம் வாசிக்கும் குழுவில் அவனுக்கு இடம் தருவதாக எழுதியிருந்தார். ஈஸ்டர் கழிந்து வந்து ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஐசக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே என் பட்டறைக்கு வந்தான்.

“இன்னாண்ணா பண்றது? எனக்கு ஒண்ணும் புரியல.”

“போய்ட்டு வா. இங்க கெடந்து தோல தடவிக்கினு இருக்கப் போறியா?” என்றேன்.

அதை மனசாரத்தான் சொன்னேன். அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது வேறு விதமாக யோசிக்க ஆரம்பித்தேன். இவன் போய்விட்டால் கல்லறைத் தோட்டத்தில் அந்தச் சரணத்தை யார் ஊதுவது? ஜனங்கள் பழைய மாதிரி அழுதுகொண்டு நிற்பார்கள். ஆம்பூருக்கு அவன் தேவை. மெட்ராஸில் கொட்டகைக்குள் வெற்றிலை மென்றுகொண்டு படம் பார்க்கிறவர்களுக்கு அவன் எதற்கு? அவனை இங்கேயே வைத்துக்கொள்வது ஒரு ஊழியம் என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

“மெட்ராஸ் போறவன் இப்படி அழுக்கு மவுத்பீஸோடவா போவ? கொண்டா, மெருகு போட்டுத் தர்றேன்” என்று சொல்லி வாங்கினேன். கடைசல் இயந்திரத்தில் பூட்டி முதலில் அதன் அளவுகளை ஒன்று விடாமல் எடுத்துக் காகிதத்தில் குறித்துக்கொண்டேன். பிறகு விளிம்பின் வெளிப்பக்கத்தில் ஒரு மயிரிழை எடுத்தேன். உள்ளோரத்தில் இருந்த உருட்டை எடுத்துக் கூர் வைத்தேன். நகத்தால் தடவினால்தான் தெரியும். வெள்ளி முலாம் போய்விட்டதால் ஈயம் பூசிக் கொடுத்தேன்.

முதல் பத்து நாள் அவன் வாசிப்பு முன்னைவிடப் பிரகாசமாக இருந்தது. கூர் விளிம்பு அப்படித்தான் செய்யும். ஊர் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். “ஒன் கை ராசிண்ணா” என்று ஐசக் என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பத்து நாளுக்குப் பிறகு மேலுதட்டில் சிவப்பாக ஒரு வளையம் விழுந்தது. உதடு களைத்துப் போனால் எந்த டிரம்பெட்காரனும் மவுத்பீஸை இன்னும் அழுத்துவான். அழுத்தினால் இன்னும் களைக்கும். பிப்ரவரி கடைசியில் வளையத்தின் நடுவே தோல் வெடித்தது. நாதம் பிசிறடித்தது. இரண்டாவது சரணத்துக்குள் காற்று மட்டும் வந்தது.

“பேஜாரா கீதுண்ணா. நாலு நாள் ஊதாம வுட்டுப் பாக்கட்டுமா?” என்று கேட்டான்.

அதுதான் சரியான வைத்தியம். நாலு நாள் என்ன, பத்து நாள் விட்டிருந்தால் ஆறியிருக்கும். விட்டால் உதடு இளகிப்போகும், மெட்ராஸில் போய்ச் சிரிப்பாய்ச் சிரிக்கும் என்று சொன்னேன். அதோடு ஆவாரம்பட்டைத் தண்ணீரும் கொடுத்தேன். எங்கள் ஷாப்பில் தோலை இறுக்குவது அந்தப் பட்டைத் தண்ணீர்தான். வேலையாட்கள் கை வெடிப்புக்கும் கால் வெடிப்புக்கும் அதைத்தான் போட்டுக்கொள்வார்கள். பேண்டுக்காரர்களும் ஊதி முடித்ததும் அதில் வாய் கொப்பளிப்பது உண்டு. தோலுக்குப் போடுவதை உதட்டுக்குப் போடலாமா என்று வேறு ஊரில் யாராவது கேட்டிருப்பார்கள். ஆம்பூரில் கேட்க மாட்டார்கள். ஐசக் தினமும் சாயங்காலம் வந்து, பட்டைத் தண்ணீரில் நனைத்த துணியை உதட்டில் கால்மணி நேரம் வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருப்பான். பேச முடியாது என்பதால் நான்தான் பேசிக்கொண்டிருப்பேன். அவன் தலையை ஆட்டுவான். நாங்கள் ரொம்ப நெருங்கியது அந்த நாட்களில்தான்.

நான் கொடுத்தது பட்டைத் தொட்டி வரிசையில் கடைசித் தொட்டியின் தண்ணீர், பட்டைச் சாறு அதில்தான் மிகவும் கெட்டி. அது உதட்டையும் தோலாகத்தான் பாவித்தது. மேலுதடு இறுகித் தடித்தது. இறுகிய உதடு அதிராது. அதிராத உதட்டில் நாதம் இல்லை. ஐசக்கின் டிரம்பெட் ஓலையைக் கிழிக்கிற மாதிரி சத்தம் போட்டது. தோல் தரம் பிரிக்கிறவன் அல்லவா, ஒருநாள் தன் உதட்டைத் தானே விரலால் தடவிப் பார்த்து, “மூணாம் ரகம்ணா” என்றான். சிரிக்கப் போய் வெடிப்பில் ரத்தம் வந்தது.

என் திட்டம் அதோடு சரி. மெட்ராஸில் தோற்றுத் திரும்பி வருவான். வந்ததும் அவனுடைய பழைய அளவிலேயே நான் புதிதாகக் கடைந்த ஒரு மவுத்பீஸைக் கொடுப்பேன். ஆறு மாசத்தில் பழைய நாதம் வந்துவிடும், ஆம்பூரிலேயே இருப்பான். அந்த மவுத்பீஸை நான் மார்ச் முதல் வாரத்திலேயே கடைந்து முடித்துவிட்டேன். என் கைவேலையில் அது ஒன்றுதான் எனக்கே பிடித்தது. இழுப்பறையில், அந்த பாட்டில் பக்கத்தில் வைத்திருந்தேன்.

மார்ச் நடுவில் ஒருநாள் மத்தியானம் ஜெயசீலி ஐசக்குக்குச் சாப்பாடு கொண்டுவந்த இடத்தில் என்னைப் பார்த்துவிட்டு நின்றது.

“அண்ணா, அவரு மெட்ராஸ் போகல. லெட்டர் போட்டுட்டாரு, தெரியுமா?”

“எப்போ?”

“அப்பவே. லெட்டர் வந்த மூணாம் நாளே போட்டுட்டாராம். எங்கிட்டயே நேத்துதான் சொன்னாரு. நீங்க ஆசையா மவுத்பீஸெல்லாம் சீர் பண்ணிக் குடுத்தீங்களாம், வேணாம்னு சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு ஒங்களாண்ட சொல்லலியாம். ஒங்கள வுட்டுட்டு அங்க போயி யாரோட ஊதறதுன்றாரு.”

“நல்லது” என்றேன். ஜெயசீலி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

இது நடந்தது குருத்தோலை ஞாயிறுக்குப் பத்து நாள் முன்னால். நான் பட்டறைக்குப் போய் இழுப்பறையைத் திறந்து, கடைந்து வைத்த மவுத்பீஸை எடுத்துத் துடைத்தேன். இனி இதைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன். நாளைக்குக் கொடுக்கலாம் என்று மறுபடி வைத்தேன். ஐசக்கிடம் உதட்டுக்கு ஓய்வு கொடு என்று மட்டும் சொன்னேன். அவன் பத்து நாள் ஊதவில்லை. பட்டைத் தண்ணீரையும் நிறுத்தினேன். உதடு இளக ஆரம்பித்தது, வெடிப்பு மூடியது. இதையெல்லாம் நானாகத்தான் செய்தேன் என்பதைக் கவனியுங்கள். எனக்கு அவன்மேல் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

குருத்தோலை ஞாயிறு அன்று பவனி கடைத்தெரு முனைக்கு வந்தபோது நான்தான் முதல் டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்தேன். ஐசக் ஓலையைப் பிடித்துக்கொண்டு ஜனங்களோடு நடந்து வந்தான். அவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“அண்ணா, ஒரே ஒரு சரணம். ஒன்னுதக் குடு, என் மவுத்பீஸ் ஊட்ல கெடக்குது.”

“ஒதடு தாங்குமா?”

“கம்மியா ஊதறேன்.”

கொடுத்தேன். அவன் ஓலையை நான் வாங்கிக்கொண்டேன். என் டிரம்பெட், என் மவுத்பீஸ். ஆழம் குறைந்த கிண்ணம். அதில் எந்த மாதிரி நாதம் வரும் என்று என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இல்லை. இருபத்தொரு வருஷம் அதை ஊதியிருக்கிறேன்.

ஐசக் வாயில் வைத்து ஊதினான். அவனுடைய நாதம் வந்தது. கனமாக, உருண்டு, ஒரு பிசிறு இல்லாமல். பத்து நாள் ஊதாத, புண் ஆறிக்கொண்டிருந்த உதட்டிலிருந்து, என் மவுத்பீஸ் வழியாக அது வந்தது. கடை வாசல்களில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஜெயசீலி என்னைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவனுடைய குருத்தோலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த ஒரு சரணம் முடிவதற்குள் என்னுடைய பதினைந்து வருஷக் கணக்கு தப்பு என்று தெரிந்துவிட்டது. மவுத்பீஸ் உதட்டுக்கு உதவும், உதட்டைக் கெடுக்கும். ஆனால் நாதத்தை அது தருவதில்லை. புதியவர்களுக்கு இதையும் சொல்லுங்கள், உபயோகமாக இருக்கும்.

மறுநாள் திங்கட்கிழமை ஐசக்கை வரச் சொன்னேன். ஈஸ்டருக்கு ஆறே நாள் இருக்கிறது, உதட்டைக் கொஞ்சம் தயார்செய்ய வேண்டும் என்றேன். முதலில் அவனுடைய பழைய மவுத்பீஸில், நான் கூர் வைத்த அதே விளிம்பில், அரைமணி நேரம் அழுத்தி ஊதச் சொன்னேன். மூடியிருந்த வெடிப்பு திறக்க வேண்டும் அல்லவா? திறந்தது. பிறகு இழுப்பறையைத் திறந்தேன். மவுத்பீஸும் பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நான் பாட்டிலை எடுத்தேன். அதில் இருந்த தொட்டித் தண்ணீரைப் பட்டைத் தண்ணீரில் கலந்து துணியை நனைத்துக் கொடுத்தேன். அவன் வழக்கம்போல உதட்டில் வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தான். நான் பம்பு எஞ்சினைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். கால்மணி நேரம் கழிந்ததும் துணியை அடுப்பில் போட்டுவிட்டேன். என் கைகளை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

பெரிய வியாழன் அன்று மேலுதட்டில் ஒரு சின்னப் பரு இருந்தது. “வலிக்குதா?” என்று கேட்டேன்.

“வலியே இல்லண்ணா. அதான் ஆச்சரியமா கீது.”

அப்துல் சமத்தும் வலி இல்லை என்றுதான் சொன்னார். பெரிய வெள்ளியன்று முகம் வீங்கியது. சனிக்கிழமை காலை பருவின் நடு கறுத்தது. நானும் ஜெயசீலியும் அவனை ரயிலில் காட்பாடி வரைக்கும் கொண்டுபோய், ஜட்கா பிடித்துப் பாலாற்றுப் பாலம் தாண்டி வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வழியெல்லாம் அவன் தலை என் தோளில்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று கேட்டார்கள். தோல் ஷாப்பு என்றேன். அதற்குமேல் அவர்கள் எதற்குக் கேட்கப் போகிறார்கள். நாளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் பேண்டு நின்றுபோய்விடக்கூடாது, நீ போண்ணா என்று ஐசக் சைகையில் சொன்னான். அதனால் சாயங்கால வண்டிக்கே திரும்பினேன். மறுநாள் விடியற்காலை முதல் டிரம்பெட் நான் ஊதினேன். புதன்கிழமை ஐசக் இறந்துபோனான். அவன் அடக்கத்துக்கும் நான்தான் ஊதினேன். எல்லாரும் அழுதார்கள்.

அதற்குப் பிறகு அவனுடைய பழைய மவுத்பீஸை நன்றாகக் கொதிக்கவைத்து ஊதிப் பார்த்தேன். நான் அவன் அளவில் கடைந்ததையும் ஊதிப் பார்த்தேன். ஆழமாக மூன்று, இன்னும் ஆழமாக இரண்டு, வேறு வேறு விளிம்புகளில் கடைந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் என் நாதம்தான் வந்தது.

ஐசக்கைக் கொன்றவன் நான்தான் என்பது இதற்குள் உங்களுக்கு விளங்கியிருக்கும். தனியாக ஒருதரம் எழுதுவது முறை என்பதால் எழுதிவிட்டேன். பொறாமை என்று நீங்கள் நினைக்கக்கூடும். முதல் இடத்தை நானே எழுந்து கொடுத்தவன் என்பதை மறந்துவிடாதீர்கள். பொறாமைப்படுகிறவன் ஜெயசீலிக்கு இந்த மூன்று வருஷமாக விறகு பிளந்து போட்டுக்கொண்டிருக்க மாட்டான்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தைப் போலீசில் கொடுப்பது உங்கள் கடமை. நான் எங்கும் போகமாட்டேன். ஆனால் ஈஸ்டர் முடிந்த பிறகு கொடுங்கள். இன்னும் பதினோரு நாள்தான். கல்லறைத் தோட்டத்தில் அந்தச் சரணத்தை ஊத என்னை விட்டால் ஆள் கிடையாது.

மாதனூரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்திருக்கும் தேவசகாயம் ஊதலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். சென்ற வாரம் ஒத்திகையில் அவன் ஊதியதைக் கேட்டீர்கள். எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள், நானும் பார்த்தேன். நல்ல நாதம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவன் மவுத்பீஸ் ரொம்ப அழுக்காக இருந்ததால் மெருகு போட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்திருக்கிறேன். கடைசல் இயந்திரத்தில் பூட்டியிருக்கிறது. வேலை முடிய இன்னும் இரண்டு நாள் ஆகும்.

தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
பிட்டர் ஆசீர்வாதம்